பின்பக்கத்தையும் காட்டுங்கள்

பூத்தையல் சொல்லிக்கொடுத்த பழைய டீச்சர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவி ஆசையாக நீட்டும் கைக்குட்டையை வாங்கியதும் ரோஜாப்பூவைப் பார்க்க மாட்டார்கள். துணியைத் திருப்புவார்கள். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் நீளமாகத் தாவியிருக்கிறதா, முடிச்சுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றனவா, இறுக்கி இழுத்ததில் துணி சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் முன்பக்கத்துக்கு வருவார்கள். என்ன தைத்தாய் என்று முன்பக்கம் சொல்லும். எப்படித் தைத்தாய் என்பது பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும்.

வீட்டில் செய்த கைவேலையைப் பிறருக்குக் காட்டுவது இன்று முன்னெப்போதையும்விடச் சுலபம். ஒயர் கூடை, ஆரி வேலை செய்த பிளவுஸ், வாசல் தோரணம், பழைய பட்டுச் சேலையில் தைத்த திரைச்சீலை, கொலுவுக்கு மணி கோத்துச் செய்த மயில் என எதுவானாலும் முடித்த கையோடு படம் பிடித்துச் சொந்தக்காரர்கள், தோழிகள் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். ‘சூப்பர்’ என்றும் ‘அழகு’ என்றும் நிமிடத்தில் பதில் வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவராவது அதைத் தானும் செய்து பார்த்தாரா? பெரும்பாலும் இல்லை. பார்த்தவருக்குக் கிடைத்தது முன்பக்கம் மட்டும். எத்தனை முழம் நறுக்கினோம், எந்த ஊசி, எங்கே தொடங்கினோம், எங்கே பிரித்துத் திரும்பப் போட்டோம் என்பதெல்லாம் செய்தவரின் விரல்களோடு நின்றுவிட்டது.

கைவேலையைப் பகிர்ந்துகொண்டோம் என்று சொல்ல வேண்டுமானால் இன்னொரு கை அதைச் செய்ய வேண்டும். அதுவரை நாம் காட்சிக்குத்தான் வைத்திருக்கிறோம்.

இரண்டு பக்கமும் நல்ல பக்கம்

பின்பக்கத்தை மறைக்க வேண்டிய இடமாக நினைக்காத கைவேலை மரபுகள் நம் அருகிலேயே இருக்கின்றன. வட கர்நாடகத்தில், தார்வாடு வட்டாரத்துக் கசூட்டித் தையலில் கவந்தி என்று ஒரு முறை. ஊசி போகும்போது ஓடுதையலாக இடைவெளி விட்டு விட்டுப் போகும். திரும்பி வரும்போது அதே கோட்டில் விட்டுப்போன இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வரும். நூல் நுனியில் முடிச்சே போடுவதில்லை. தைத்து முடித்த துணியில் எது முன், எது பின் என்று தைத்தவராலேயே சொல்ல முடியாது.

நீலகிரியின் தோடர் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே. பூத்துக்குளி என்ற வெள்ளைப் பருத்திப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் கார்பன் பேப்பர் வைத்து வரைந்துகொள்வதில்லை. வட்டச் சட்டம் போட்டு இறுக்கிக்கொள்வதும் இல்லை. துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணித்தான் ஊசி நகரும். நூல் புடைத்துக்கொண்டு சொரசொரப்பாக நிற்கும் மறுபக்கம் இருக்கிறதே, அதைத்தான் அவர்கள் உடுத்தும் பக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். வேலையின் முழு உழைப்பும் வெளியே தெரிகிறது. பார்த்துப் பழகும் சிறுமிக்கு மறைக்கப்பட்டது என்று எதுவுமே இல்லை.

ஊசிக்குக் கீழே இருக்கும் கை

இன்று தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஆரி வகுப்பு நடக்கிறது. கல்யாணம் என்றால் பிளவுஸில் ஆரி வேலை வேண்டும் என்றாகிவிட்ட பிறகு, வீட்டிலிருந்தே நான்கு காசு பார்க்கலாம் என்று இதைக் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் பல்லாயிரம். வீடியோ பார்த்துத் தனியே கற்றுக்கொள்ள முயன்றவர்களில் பலரும் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டதைச் சொல்வார்கள். ஊசியைக் குத்துவது தெரிகிறது, எடுப்பது தெரிகிறது, சங்கிலி விழுவது தெரிகிறது. தான் குத்தினால் மட்டும் நூல் வருவதே இல்லை.

காரணம், ஆரியில் பாதி வேலை துணிக்கு அடியில் நடக்கிறது. ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலே வலது கை ஊசியைப் பிடித்திருக்கிறது. கீழே இடது கை நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. ஊசி துணியைத் துளைத்து இறங்கியதும் அதன் கொக்கியில் நூலைச் சுற்றிவிட வேண்டும். மேல் கை ஊசியைச் சற்றே திருப்பி, கொக்கி துணியில் மாட்டாதபடி நூலை மேலே இழுக்க வேண்டும். அடுத்த குத்து அந்த வளையத்துக்குள் விழ வேண்டும். கீழ்க் கை சுற்றுவதும் மேல் கை திருப்புவதும் ஒரே தாளத்தில் சேர்ந்தால்தான் சங்கிலி விழும். கேமரா மேலே இருப்பதால் கீழ்க் கை யார் கண்ணிலும் படுவதில்லை. நல்ல ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதல் நாள் மாணவியைத் தரையில் உட்காரவைத்து ஸ்டாண்டுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்கிறார்கள். மணிக்கணக்கில் சொன்னாலும் புரியாதது இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் அடியில்தான் இருக்கிறது. சங்கிலித் தையல் அரிசி மூட்டையின் வாய்த் தையல் மாதிரி. நுனி அகப்பட்டால் ஒரே இழுப்பில் முழுவரிசையும் பிரிந்து வந்துவிடும். கடைசிக் கண்ணியைப் பூட்டி, நூலை அடிப்பக்கம் கொண்டுபோய் முடிவது எப்படி என்பதைச் சொல்லித்தராத வகுப்பில் எத்தனை மாங்காய் டிசைன் கற்றுக்கொண்டும் பயனில்லை. அந்த பிளவுஸ் இரண்டாவது சலவைக்குத் தாங்காது.

தையல் மிஷினிலும் இதே கதைதான். துணிக்கு அடியில் நூல் சுருள் சுருளாகக் கிடந்தால் புதிதாகப் பழகுபவர்கள் பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போகாமல் நழுவியிருக்கும், அல்லது டென்ஷன் தளர்ந்திருக்கும். மேலே நடந்த பிழையைக் கீழே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற இந்த ஒரு விஷயத்தைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்துவிட்டால் மிஷின் மூலையில் தூசி படியாமல் ஓடும்.

திண்ணை திண்ணையாகப் பரவிய கூடை

வீட்டுக் கைவேலை எப்படிப் பரவ வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த உதாரணம் ஒயர் கூடை. பனையோலைப் பெட்டிக்கோ பிரம்புக் கூடைக்கோ இருக்கும் நெடிய மரபு இதற்கு இல்லை. பிளாஸ்டிக் ஒயர் கடைக்கு வந்த பிறகு பிறந்த கலை. இதற்கென்று பரம்பரைக் குடும்பம் இல்லை, சாதி இல்லை. குருகுலமோ பட்டயப் படிப்போ இருந்து வளர்ந்ததும் இல்லை. ஆனாலும் கன்னியாகுமரியிலிருந்து திருவள்ளூர் வரை ஒயர் கூடை இல்லாத தெரு கிடையாது. மார்க்கெட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, சாப்பாட்டு டப்பா வைத்துக்கொள்ள ஒன்று என்று தலைமுறைகளைச் சுமந்த கூடை அது.

எப்படிப் பரவியது? மதியச் சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தி பின்னுவாள். இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். “அக்கா, இந்த மூலை திரும்புற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க” என்பாள். முடிந்தது பாடம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவளோடு கூடையும் போனது. வேலைக்கு வந்த டீச்சரோடும் நர்ஸோடும் புது முடிச்சுகள் ஊருக்குள் வந்தன.

சாதா முடிச்சைப் பாருங்கள். இரண்டு ஒயர், நான்கு முனை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நான்காவது முனை முதல் வளையத்துக்குள் நுழைந்து இறுகும்போது சின்னச் சதுரமாக நிற்கிறது. நான்கு முனையும் நான்கு திசைக்குப் போகின்றன. அடுத்த முடிச்சுக்கு இடமும் வழியும் தானாகவே கிடைத்துவிடுகிறது. இந்த ஒரு முடிச்சைக் கற்றுக்கொண்டவள் கூடையையே கற்றுக்கொண்டவள்தான். அடிப்பாகத்தை வரிசை வரிசையாகப் போட்டு, மூலை திருப்பி, சுற்றுச் சுற்றாக உயர்த்தி, கைப்பிடி வைத்தால் கூடை தயார். அதற்கு மேல் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று அவரவர் கெட்டிக்காரத்தனம்.

முடிக்கும்போது மிச்ச ஒயர் நுனிகளை உள்பக்கமாகத் திருப்பி, முடிச்சுகளுக்கு அடியில் இரண்டு மூன்று கண்ணி வரை சொருகி, பிறகுதான் வெட்ட வேண்டும். ஒட்ட நறுக்கினால் பாரம் தூக்கும்போது முடிச்சு நழுவும். கடையில் கூடை வாங்கத் தெரிந்த பெரியவர்கள் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான்.

கூடைக்கு அளவு சொல்வதும் எளிமை. ஒரு ரோல் கூடை, ஒன்றரை ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை. கடைக்காரரிடமும் அதே பேச்சு, பின்னுபவரிடமும் அதே பேச்சு. எத்தனை முழத்தில் எத்தனை ஒயர் நறுக்குவது, ஓடும் ஒயர் எவ்வளவு நீளம், அடிக்கு எத்தனை முடிச்சு என்பதை மட்டும் பெண்கள் எழுதிவைத்துக்கொண்டார்கள். மளிகைக் கணக்கு எழுதிய டைரியின் கடைசிப் பக்கத்தில், பழைய காலண்டர் தாளின் பின்னால், அந்தக் கணக்குகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. டைரி இல்லாதவர்கள் பழைய கூடை ஒன்றைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். பிரித்தால் வழி தெரிந்துவிடுகிற பொருள் அது.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு சிறு யோசனை. எதிரே உட்கார்ந்து கற்பிக்காதீர்கள். உங்கள் வலது கை கற்றுக்கொள்பவருக்கு இடது பக்கமாகத் தெரியும். முடிச்சு திரும்பித் திரும்பித் தவறும். பக்கத்தில் உட்காருங்கள். இடது கைப் பழக்கமுள்ள குழந்தையாக இருந்தால் மட்டும் எதிரே உட்காருங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோலச் சரியாக அமைந்துவிடும்.

வாசலில் இருந்த பாடம்

நமக்கு இந்தத் திறந்த மனம் புதிதல்ல. கோலத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டு அலங்காரத்தில் இதைவிட முழுமையாகப் பகிரப்பட்ட ஒன்று உலகத்தில் எங்கேயாவது இருக்குமா என்று தெரியவில்லை. “15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை” என்று ஒரு வரி சொன்னால் போதும். நடுவரிசையில் 15 வைத்து, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-ல் நிறுத்த வேண்டும் என்று கேட்டவருக்குப் புரிந்துவிடும். மார்கழியில் பால் வாங்கப் போகிறவள் எதிர்வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றால் மறுநாள் அந்தக் கோலம் இன்னொரு தெருவில் பூத்திருக்கும். போட்டவள் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெண்கள் பத்திரிகைகள் பல ஆண்டுகளாகப் புள்ளியோடு சேர்த்தே கோலங்களை அச்சிட்டதற்கும் இந்த மரபுதான் காரணம். கோலத்தின் படம் மட்டும் வந்திருந்தால் யாரும் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருக்க மாட்டார்கள்.

ரேந்தையும் மிஷினும்

கைவேலையைச் சொல்லிக்கொடுப்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நாகர்கோவிலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் அங்கே பெண் பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுட்பமான வேலை அது. அந்த ரேந்தையை விற்ற பணத்தில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-ல்தான். அதற்கு முன்பே குச்சியும் நூலும் சில பெண்களுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தன.

தையல் மிஷினுக்கும் இங்கே ஒரு நல்ல தொடர்பு உண்டு. ஐசக் சிங்கர் தன் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851-ல். 1924-ல் தில்லியில் காந்தியைச் சந்தித்த ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். மனிதரை இயந்திரம் வேலையற்றவராக்குவதைத்தான் எதிர்க்கிறேன் என்ற பொருளில் விளக்கிய காந்தி, விலக்காகச் சொன்ன பொருள்களில் முதன்மையானது சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்த்த அன்பில் பிறந்தது அது என்றார். அந்த மாணவர்தான் ஜி.ராமச்சந்திரன். பின்னாளில் தன் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். மிதி மிஷின் ஒன்று வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் நிலை மாறும் என்பதைத் தமிழ்நாடு பிறகு நன்றாகவே புரிந்துகொண்டது. ஆதரவற்ற பெண்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் அரசே இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. ‘தையல் லோயர், ஹையர்’ அரசுத் தேர்வு எழுதிய பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு.

மடித்துத் தைத்த வருங்காலம்

நம் வீட்டுத் தையலில் எனக்கு மிகவும் பிடித்தது, சிறுமிகளின் பட்டுப்பாவாடையில் வைக்கும் டக். துணியைக் குறைக்காமல், இடுப்புக்குக் கீழே இரண்டு மூன்று மடிப்பாக மடித்துத் தைத்துவிடுவார்கள். குழந்தை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரிப்பார்கள். பொங்கலுக்கு ஒன்று, அடுத்த தீபாவளிக்கு ஒன்று. சட்டையிலும் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலம் உள்ளே விட்டுத் தைத்திருப்பார்கள். பிள்ளை வளரும் என்ற நம்பிக்கையை உள்பக்கத்தில் தைத்துவைத்தவர்கள் நம் அம்மாக்கள். ஆயத்த ஆடையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் ஓரத்தோடு துணி முடிந்திருக்கும். பிரிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

பழந்துணி வேலையும் அப்படித்தான். வங்காளத்தில் நைந்த சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓடுதையல் போட்டுக் காந்தா ஆக்கினார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளையொட்டி வாழும் சித்தி இனப் பெண்கள் துண்டுத் துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போய்க் கௌதி என்ற போர்வை செய்கிறார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த பூ வைத்தால்தான் அவர்களுக்கு அது முழுமை. நம் வீடுகளில் பழைய சேலை மெத்தை விரிப்பாயிற்று, மிதியடியாயிற்று, மஞ்சள் பையாயிற்று. தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது நமக்குத் தேவைப்பட்டது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பழைய வேட்டியும் நான்கு நேர்த்தையலும் போதும். பையின் கைப்பிடியை மட்டும் பெருக்கல் குறிபோலக் குறுக்கே இரட்டைத் தையல் போட்டு ஏற்ற வேண்டும். பை கிழிவது எப்போதும் அங்கேதான்.

கேளுங்கள், சொல்லுங்கள்

நவராத்திரி வரப்போகிறது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது கொலு வீடுகளின் பேச்சு. மதுரை விளாச்சேரியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்த மண்பொம்மைகள் படியில் இருக்கும். ஆனால் பெண்கள் கூடி நிற்பது கீழே, கேழ்வரகு முளைவிட்ட பூங்காவுக்கும் கையால் செய்த மணிப்பொம்மைக்கும் பக்கத்தில்தான். “எங்கே வாங்கினீங்க மாமி?” “வாங்கலை, நானே பண்ணினேன்.” “ஐயோ, எப்படி?” என்று தொடங்கும் பேச்சு சுண்டல் ஆறும் வரை நீளும். ஒன்பது நாளும் நடக்கும் பயிலரங்கம் அது. அழைப்பும் கட்டணமும் கிடையாது. வெற்றிலை பாக்குதான் சான்றிதழ்.

‘எல்லோருக்கும் சொல்லிவிட்டால் என் பிழைப்பு என்னாவது?’ என்று கேட்பவர்களின் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். கைவேலையை வைத்து வீட்டு வாடகை கட்டும் பெண் தன் சொந்த டிசைனைக் காத்துக்கொள்வதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் டிசைன் வேறு, முடிச்சு வேறு. முடிச்சும் தையலும் அவருக்கும் யாரோ இலவசமாகத் தந்தவைதான். தவிர, செய்முறை தெரிந்தவர்கள்தான் உழைப்பின் விலையை மறுக்காமல் தருகிறார்கள். ஒரு வரிசை ஆரிச் சங்கிலியைத் தன் கையால் போட்டுப் பார்த்தவர் பிளவுஸ் கூலியில் பேரம் பேச மாட்டார். ‘சும்மா வீட்டில் இருக்கும்போது பண்ணினதுதானே’ என்று ஒயர் கூடைக்கு அடிமாட்டு விலை கேட்கும் வாய்கள், முழு நாளில் நான்கு சுற்றுகூட ஏற்றத் தெரியாதவர்களின் வாய்கள். கற்றுக்கொடுப்பதால் கைவினைஞருக்கு நஷ்டம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே, அடுத்த முறை நீங்கள் செய்ததைக் காட்டும்போது அதைத் திருப்பியும் ஒரு படம் எடுங்கள். எத்தனை முழம், என்ன நம்பர் ஊசி, எந்தக் கடையில் நூல், யாரிடம் கற்றது என்பதை நான்கு வரி எழுதுங்கள். தவறிய இடத்தையும், பிரித்துப் போட்ட இடத்தையும் சொல்லுங்கள். கற்றுக்கொள்பவருக்கு அதுதான் பெரிய உதவி. ‘அழகு’ என்று சொல்லிவிட்டு நகர்பவராக இருந்தால் ‘எப்படி?’ என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கேளுங்கள். விடுமுறைக்கு வரும் பேத்தியை உட்காரவைக்கும்போது பேரனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பட்டன் தைக்கவும் பாவாடை டக் பிரிக்கவும் பையனின் விரல்களுக்கும் வரும்.

உங்கள் வீட்டில் பாட்டியோ அம்மாவோ கூடைக் கணக்கும் கோலப்புள்ளியும் எழுதிவைத்த பழைய டைரி இருக்கலாம். ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.